லைப்ரரி வேலைக்கு போனை யூஸ் பண்றீங்களா? உங்க அனுபவத்தை சொல்லுங்க

கிளை நூலகர் அக்கா:
நானே ஆரம்பிக்கிறேன். எங்ககிட்ட வர்றதுல பாதி பேர் டிஎன்பிஎஸ்சி பசங்க, ஒரு புக்கு திரும்பி வந்துருச்சான்னு கேக்கவே அஞ்சாறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு வருவாங்க, இல்லப்பான்னா மூஞ்சி தொங்கிரும். அதான் வாட்ஸப் குரூப் ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சு, ஒருத்தன் குரூப்ல இருந்து ஒரு பொண்ணு நம்பரை எடுத்து ராத்திரி மெசேஜ் போடுற வரைக்கும். அவங்கம்மா நேரா என் டேபிள் முன்னாடி வந்து நின்னுட்டாங்க. அன்னைக்கே குரூப்பைக் கலைச்சுட்டேன்.

அப்புறம் தங்கச்சி மகன் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடச் சொல்லிக் குடுத்தான், அதுல ஒருத்தர் நம்பர் அடுத்தவங்களுக்குத் தெரியாது. ஆனா என் நம்பரை அவங்க சேவ் பண்ணிருந்தாதான் மெசேஜ் போகுமாம், அது தெரியாம ரெண்டு வாரம் காத்துல பேசிட்டு இருந்திருக்கேன் 😄 போனும் என்னுது, ரீசார்ஜும் என்னுது. ராத்திரி 11 மணிக்கு கால் வரும், "மேடம், நாளைக்கு லைப்ரரி உண்டா?" நாளைக்கு வெள்ளிக்கிழமை, லைப்ரரிக்கு லீவுடா தம்பி!

பழைய வாசகன்:
அக்கா, எங்க ஊர் நூலகர் சார் போனைத் தொடவே மாட்டார்னு நெனச்சிருந்தேன். ஒருநாள் எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் பழைய இலக்கண உரை ஒண்ணு கேட்டார், ரேக்ல இல்ல. சார் சட்டுனு போனை எடுத்து தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல தேடிக் குடுத்துட்டார். பெரியவர் வாங்கிப் பாத்துட்டு "எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே தம்பி"ன்னார். கடைசில 12 பக்கத்தை பக்கத்து ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் எடுத்துதான் குடுத்தார் 🙂

காலேஜ் லைப்ரரி:
புக்கு கணக்கு வச்சுக்க நாங்க கோஹாங்கிற லைப்ரரி சாஃப்ட்வேர்தான், அது ஃப்ரீ. ஸ்டாக் வெரிஃபிகேஷனுக்கு, அதாவது புக்கு எல்லாம் இருக்கான்னு சரிபாக்க, ஸ்கேனர் ஒண்ணுதான் இருந்துச்சு, போன் கேமராலயே பார்கோடு ஸ்கேன் பண்ணலாம்னு சொன்னேன். புது புக்குக்கு பின் அட்டைல ஐஎஸ்பிஎன் நம்பர் பார்கோடாவே இருக்கும், பழைய தமிழ் புக்கு நெறய அது இல்லாதது, நாமளே லேபிள் அடிச்சு ஒட்டணும், முதுகு வலிதான் மிச்சம். அதை விடுங்க. ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்த சீனியர் ஒருத்தர் கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்ல. போன் ஓட்டத் தெரியாதவர் இல்ல, யூட்யூப்ல நாள் பூரா பாட்டு கேக்குறவர்தான். டீக்கடைல வச்சு மெதுவாக் கேட்டேன். "ஸ்கேன் பண்ணா 200 புக்கு காணோம்னு அன்னைக்கே காட்டிரும், என் பென்ஷனை நிறுத்தி வச்சா நீ பதில் சொல்லுவியா?"ன்னார். எனக்குப் பதில் வரல.

கிளை நூலகர் அக்கா:
அவர் கேட்டது நியாயம்தான் சார். தொலைஞ்ச புக்குக்கு நானும் கைக்காசு கட்டியிருக்கேன். சரி, அந்த லேபிளை எந்த கம்ல ஒட்டுறீங்க? எங்களுது மழைக்காலத்துல உரிஞ்சு வந்துருது.