"தாத்தா மட்டும் தேய்க்கிறதில்லையே!" ராத்திரிப் பல் தேய்க்க மறுக்கும் ஐந்து வயசுப் பையன்

மோல்மீன் மருமகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பர்மாவின் மோல்மீனில், ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் பின்பக்கம். மாமனார் வாசலிலேயே குன்யா (வெற்றிலைபாக்கு மடிப்பு) கடை வைத்திருக்கிறார். என் சின்னவனுக்கு ஐந்து வயசு. காலையில் பள்ளிக்கூட அவசரத்தில் எப்படியோ பல் தேய்த்து அனுப்பிவிடுகிறேன். ராத்திரிதான் ரகளை. பிரஷ்ஷைப் பார்த்தாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். பாதி நாள் அந்த நேரத்தில் கரண்ட் இருக்காது. குளியலறை இருட்டில் பேய் இருக்கிறதாம், வர மாட்டானாம்.

அதட்டினால், "தாத்தா மட்டும் தேய்க்கிறதில்லையே, அவருக்கு எல்லாப் பல்லும் இருக்கே" என்கிறான். உண்மைதான், மாமாவுக்குப் பல் எல்லாம் இருக்கின்றன. என்ன நிறத்தில் என்று மட்டும் கேட்காதீர்கள். போதாததற்கு அவரே வெற்றிலையில் தேங்காய்த் துருவலும் சீனிச் சோம்பும் வைத்து, "பேரனுக்குப் பாக்கில்லாத குன்யா" என்று மடித்துக் கொடுக்கிறார். இவன் அதை வாங்குவதே தாத்தா மாதிரித் துப்பிப் பார்க்கத்தான்.

இன்னொன்று. டின்பால் கலக்கிக் குடித்தால்தான் தூங்குவான். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் கறுப்பாகப் புள்ளி தெரிகிறது. "பால்பல்தானே, விழுந்துவிடும்" என்கிறார் வீட்டுக்காரர்.

கையைக் காலைப் பிடித்து அமுக்கித் தேய்க்க எனக்கு மனசில்லை. அவனாக ஆசைப்பட்டுச் செய்ய வழி இருக்கிறதா? கார்ட்டூன் படம் போட்ட பிரஷ் வாங்கிக் கொடுத்தேன், அதை வைத்துச் செருப்பைத் தேய்த்தான்.

கிளினிக் அக்கா, யாங்கோன்:

தங்கச்சி, பல் கிளினிக்கில் டாக்டருக்குக் கூடமாட வேலை செய்கிறவள் நான். முதலில் அந்தக் கறுப்புப் புள்ளி. முன்பக்கப் பால்பற்கள் ஆறு, ஏழு வயசில் விழும்; கடைவாய்ப் பால்பல் அப்படியில்லை, பத்து பன்னிரண்டு வயசு வரை இருக்கும். அதுவரை உங்கள் பையன் அதில்தான் சோறு மெல்ல வேண்டும். சொத்தை வேர் வரை இறங்கினால் சீழ் பிடிக்கும், அடியில் உருவாகிக்கொண்டிருக்கிற நிரந்தரப் பல்லையும் கெடுக்கும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் ஊர்ப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லாத நாளில் போகிற பிள்ளைக்கு அந்த நாற்காலி ஏறி இறங்குவது வேடிக்கையாக இருக்கும். வலியோடு முதல்முதலாக வருகிற பிள்ளைகள் எங்கள் கிளினிக் வாசலிலேயே கதறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

அடுத்தது டின்பால். அதில் கிட்டத்தட்டப் பாதி சீனிதான். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், சீனியைக் கழுவிவிட வாயில் ஆளில்லை; கிருமிகள் ராத்திரி முழுக்க அதைத் தின்று அமிலத்தைக் கக்கும். இதை மாற்றாமல் பிரஷ்ஷோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை. ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரணப் பாலுக்கு மாற்றுங்கள். பல் தேய்த்த பிறகு வெறும் தண்ணீர் மட்டும்.

அப்புறம், குளியலறையில்தான் பல் தேய்க்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், தூக்கம் வந்து சிணுங்கத் தொடங்குவதற்கு முன், தாழ்வாரத்தில் பாய் போட்டு உட்காருங்கள். துப்ப ஒரு கிண்ணம் போதும். முதலில் அவன் இஷ்டத்துக்குத் தேய்க்கட்டும், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு "இப்போ அம்மா முறை" என்று தலையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டு நீங்கள் தேயுங்கள். மேல்பல், கீழ்பல், பின்பக்கம் எல்லாம் தெரியும்; கரண்ட் இல்லாவிட்டால் டார்ச்சை அவன் கையிலேயே கொடுங்கள். ஏழெட்டு வயசு வரை பெரியவர்கள் கை பட்டுத்தான் ஆக வேண்டும், அந்த வயசுக் கைக்கு அவ்வளவு நுணுக்கம் வராது.

பேஸ்ட் பட்டாணி அளவு போதும், மூன்று வயசுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அரிசி அளவு. நுரையைத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம், பேஸ்ட்டில் இருக்கிற, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃப்ளோரைடு பல்லில் தங்கட்டும். படுக்கும்போது பிள்ளைக்குத் தனக்கா (மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் சாந்து) பூசுகிற வீடாக இருந்தால் அதைப் பல் தேய்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி முன்னால் கன்னத்தில் அவனே வட்டம் போட்டுக்கொள்ளட்டும். மிட்டாயைப் பரிசாகக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்!

ஆறு வயசு வாக்கில் கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் புதுக் கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் அதையும் பால்பல் என்றே பெற்றவர்கள் நினைக்கிறார்கள். அது போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. இப்போதிருந்தே பிரஷ்ஷை அதுவரை எட்டவிட்டுப் பழக்குங்கள்.

பேகு பெரியவர்:

மீசை முளைத்த நாள் முதல் குன்யா போடுகிறவன் நான், அதனால் உங்கள் மாமனாருக்காகவும் கொஞ்சம் பேசலாம். மருமகள் நேரடியாகச் சொன்னால் அவருக்குக் கௌரவப் பிரச்சினை. பேரனைச் சொல்லவிடுங்கள். "தாத்தாவுக்குப் பல் தேய்க்கத் தெரியாது, நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று பையனை வாத்தியார் ஆக்குங்கள். என் பேத்தி அப்படித்தான் என்னைப் பிடித்தாள். "மேலே தேய்ங்க, உள்ளே தேய்ங்க" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் மிரட்டும்போது எந்தக் கிழவனால் மறுக்க முடியும்? கடையை எடுத்து வைத்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்காரட்டும். வாத்தியாரும் கூடவே தேய்த்துத்தானே காட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம், பேஸ்ட் எல்லாம் எதற்கு? உமிக்கரியும் உப்பும் போதும். எங்கள் தலைமுறை அதில்தான் வளர்ந்தது.

கிளினிக் அக்கா, யாங்கோன்:

ஐயா, வாத்தியார் யோசனை அருமை. உமிக்கரிக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பல்லின் மேல்பூச்சைச் சுரண்டும், ஃப்ளோரைடும் கிடையாது. உங்கள் தலைமுறைக்கு இத்தனை பிஸ்கட்டும் டின்பாலும் கிடைத்ததா, சொல்லுங்கள்.

தங்கச்சி, தாத்தா பாக்கு வைக்காதவரை நல்லது. ஆனால் துப்புகிற விளையாட்டு அடுத்த படிக்கு இழுத்துக்கொண்டு போகும். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. சீனிச் சோம்புக்குப் பதில் கொய்யாத் துண்டு மடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், மோல்மீனில் பழத்துக்கா பஞ்சம்?

ஞாயிறு வகுப்பு சயாமா (டீச்சர்):

எங்கள் கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு இது. வாயை நாலு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேலே இடம், வலம், கீழே இடம், வலம். ஒவ்வொரு பாகத்துக்கும் அ முதல் ஔ வரை நீங்கள் நிதானமாக இழுத்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு எழுத்து முடிய ஏறக்குறைய அரை நிமிஷம் ஆகும், நாலு பாகம் முடிந்தால் டாக்டர்கள் சொல்கிற இரண்டு நிமிஷக் கணக்கு சரியாக வந்துவிடும். 'ஆ' வரும்போது உள்பக்கம், 'ஈ' வரும்போது முன்பல். கடைசியில் 'ஃ' சொன்னால்தான் துப்ப அனுமதி. அந்த ஃ-க்காகவே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், துப்புகிற ஆசையும் தீரும். பள்ளியில் முழுக்கப் பர்மீயம் படிக்கிற பிள்ளைகளுக்கு உயிரெழுத்தும் பாடமாகிவிடும்.

மோல்மீன் மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் சனிக்கிழமை கூட்டிப்போகிறேன். மாமாவிடம் வாத்தியார் கதையைச் சொன்னதும், "என் பல்லுக்கு என்ன குறைச்சல்?" என்று முறைத்தார். ஆனால் பிரஷ் எங்கே விற்கிறது என்று கடைப் பையனிடம் விசாரித்ததாகக் கேள்வி. அக்கா, ஒரு சந்தேகம்: எங்கள் பேஸ்ட் காரமாக இருக்கிறது என்று துப்பிவிடுகிறான். பழவாசனை உள்ளது வாங்கலாமா?

கிளினிக் அக்கா, யாங்கோன்:

தாராளமாக. அட்டைப்பெட்டியில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் (ppm) அல்லது அதற்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃப்ளோரைடே இருக்காது. பழவாசனை என்பதால் விழுங்கப் பார்ப்பான், ட்யூபை அவன் கைக்கு எட்டாமல் வைத்து நீங்களே பிதுக்கிக் கொடுங்கள்.