முதல் ஐஎஃப் டப்பாவில் ஒரு கோர் மட்டும் பீக் காட்டவில்லை (5 வால்வு செட்)

சுருதிப்பெட்டி:
வணக்கம். மீடியம் வேவ் மட்டும் உள்ள 5 வால்வு ரேடியோ ஒன்றைச் சரி செய்துகொண்டிருக்கிறேன். 6பிஇ6 (மிக்ஸரும் ஆசிலேட்டரும்), 6பிஏ6 (ஐஎஃப் பெருக்கி), 6ஏவி6, 6ஏக்யூ5, 6எக்ஸ்4. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட். பேப்பர் கண்டென்சர்கள், எலக்ட்ரோலிட்டிக் எல்லாம் புதிதாகப் போட்டாகிவிட்டது. வோல்டேஜ்கள் சரியாக இருக்கின்றன. ஆனால் ஸ்டேஷன்கள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கின்றன. டயலில் முள் 600இல் நிற்கும்போது 660 கிலோஹெர்ட்ஸ் ஸ்டேஷன் வருகிறது.

எனக்கு முன்னால் யாரோ ஐஎஃப் (எந்த ஸ்டேஷனையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் ஒரே அலைவரிசை) டப்பாக்களின் கோர்களை, அதாவது காயிலுக்குள் ஏறி இறங்கும் திருகுகளை, திருகிப் பார்த்திருக்கிறார்கள். மெழுகு முத்திரை உடைந்திருக்கிறது. சிக்னல் ஜெனரேட்டரில் 455 கிலோஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்த்தேன். இரண்டாவது டப்பாவில் இரண்டு கோரைத் திருகினாலும் சத்தம் அழகாக ஏறி, உச்சம் (பீக்) தொட்டு இறங்குகிறது. முதல் டப்பாவின் கீழ்க் கோரும் அப்படியே. மேல் கோர்தான் பிரச்சினை. உள்ளே திருகத் திருகச் சத்தம் கூடுகிறது, கூடிக்கொண்டே போகிறது, கோர் அடியில் முட்டி நின்றுவிடுகிறது. இறங்கும் இடமே வரவில்லை. செட் சூடானதும் இடையிடையே படபடவென்று ஒரு கரகரப்பும் வருகிறது. காயிலுக்கு இன்னும் சில சுற்று சேர்த்துச் சுற்றலாமா?

காந்தக்கண்:
தம்பி, சுற்று சேர்க்க வேண்டாம். காயிலைத் தொடவே வேண்டாம். அந்த டப்பா 455க்கு என்று அளந்து சுற்றப்பட்டது. நேற்று வரை போதுமாக இருந்த சுற்று இன்று போதவில்லை என்றால், மதிப்புக் குறைந்திருப்பது காயில் இல்லை, அதோடு சேர்ந்து நிற்கும் கண்டென்சர். கோர் முழுசாக உள்ளே போயும் போதவில்லை என்பதற்கு அதுதான் பொருள். அதே கோர் முழுசாக வெளியே வந்தும் பீக் கிடைக்காமல் இருந்தால் வேறு பக்கம் தேடச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் சொன்ன கரகரப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தக் காலத்துச் சின்ன ஐஎஃப் டப்பாக்கள் பலவற்றில் தனியாகக் கண்டென்சர் கிடையாது. டப்பாவின் அடியில் ஒரே மைக்காத் தகடு, அதன் மேல் வெள்ளிப் பூச்சு. டப்பாவுக்குள் இருக்கும் இரண்டு காயில்கள், பிரைமரி, செகண்டரி, இரண்டின் கண்டென்சரும் அந்த ஒரே தகட்டில். பிரைமரி பக்கம் ஹெச்டி (வால்வுகளுக்கான உயர்) வோல்டேஜ் முழுசாக நிற்கிறது, செகண்டரி பக்கம் ஏறக்குறைய பூஜ்யம். பல வருஷம் இந்த வோல்டேஜும் ஈரப்பதமும் சேர்ந்து வெள்ளியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துகின்றன. மதிப்பும் கெடும், நடுவில் கசிவும் வரும், அந்தக் கசிவுதான் படபடப்பு.

ஊகத்தில் டப்பாவைக் கழற்ற வேண்டாம், முதலில் உறுதி செய்யுங்கள். உங்கள் செட்டில் ஹீட்டர்கள் பேரலல் (ஒன்றை எடுத்தாலும் மற்றவை எரியும்), அதனால் வால்வை உருவிப் பார்க்கலாம். 6பிஇ6ஐ மட்டும் உருவுங்கள். கரகரப்பு அப்படியே தொடர்ந்தால் அது ஏரியலிலிருந்தோ மிக்ஸரிலிருந்தோ வரவில்லை. அடுத்து 6பிஏ6ஐயும் உருவுங்கள். இப்போது நின்றுவிட்டால் சந்தேகம் முதல் டப்பா மேல்தான். அதே நிலையில் 6பிஏ6 சாக்கெட்டின் 1ஆம் பின்னை டிஜிட்டல் மீட்டரில் பாருங்கள். அது கிரிட். அங்கே பூஜ்யம் அல்லது கொஞ்சம் மைனஸ் இருக்கலாம், ப்ளஸ் வோல்டேஜ் இருக்கவே கூடாது. பக்கத்துப் பின்களில் ஹெச்டி இருக்கிறது, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அளவெடுங்கள்.

சுருதிப்பெட்டி:
சார், சொன்னபடியே நடந்தது. 6பிஇ6 இல்லாமலும் கரகரப்பு வந்தது, 6பிஏ6ஐ எடுத்ததும் அமைதி. 1ஆம் பின்னில் ப்ளஸ் 4 வோல்ட் வரை ஏறி இறங்குகிறது. டப்பாவைத் திறந்துவிட்டேன். மைக்காவில் இரண்டு வெள்ளித் திட்டுக்கும் நடுவே கறுப்பாக, வேர் ஓடியது போல ஒரு படர்வு. இதற்குப் பதிலாக என்ன மதிப்புப் போடுவது? தகட்டில் எதுவும் எழுதவில்லை.

காந்தக்கண்:
அந்த வேர்தான் ஆள். மைக்காவை எடுத்துவிடுங்கள், கீழே உள்ள தகர விரல்கள் ஒன்றையொன்று தொடாமல் நிமிர்த்துங்கள். செகண்டரி இன்னும் பீக் காட்டுகிறதே என்று அதன் பாதியை விட்டுவைக்காதீர்கள், இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள். பிரைமரி லக்குகளுக்கு நடுவே ஒன்று, செகண்டரிக்கு ஒன்று.

மதிப்புக்குக் கணக்கு இருக்கிறது. 1 மில்லிஹென்ரி காயிலுக்கு 455இல் சுமார் 122 பிகோஃபாரட் வேண்டும். எல்சிஆர் மீட்டர் இருந்தால், கோரை நடுவில் நிறுத்திக் காயிலை அளந்து, 122ஐ அந்த மில்லிஹென்ரியால் வகுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் 120இல் ஆரம்பியுங்கள். கோர் அடியில் முட்டினால் மதிப்பைக் கூட்டுங்கள், வெளியே வந்து நின்றால் குறையுங்கள். சில்வர் மைக்கா அல்லது என்பிஓ செராமிக், 500 வோல்ட். சாதாரண டிஸ்க் செராமிக் போட்டால் செட் சூடாகச் சூடாக ஐஎஃப் நகரும்.

திருகும்போது பிளாஸ்டிக் கருவிதான். இரும்பு ஸ்க்ரூடிரைவர் உள்ளே இருக்கும்போது ஒரு பீக், வெளியே எடுத்தால் வேறு பீக். ஜெனரேட்டரை 0.01 மைக்ரோஃபாரட் வழியாக 6பிஇ6இன் 7ஆம் பின்னுக்குக் கொடுங்கள், கேங்கின் (டயலோடு சுழலும் தகட்டுக் கண்டென்சர்) ஆசிலேட்டர் பகுதியை ஷார்ட் செய்து ஆசிலேட்டரை நிறுத்திவிடுங்கள். ஏவிசி (சத்தத்தைத் தானாகச் சமன் செய்யும்) லைனில் மைனஸ் 1 வோல்ட் அளவுக்கு மேல் போகாமல் சிக்னலைக் குறைத்துவையுங்கள். சிக்னல் பலமாக இருந்தால் ஏவிசி அதை அமுக்கி, பீக்கைத் தட்டையாக்கிவிடும். ஒரே கோரில் இரண்டு இடத்தில் பீக் வந்தால், அடுத்த காயிலிலிருந்து தள்ளி, வெளிப்பக்கம் வருவதையே எடுங்கள்.

மின்மினி:
டயல் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன். ஐஎஃப் முடிகிற வரை ஆசிலேட்டரைத் தொடாதீர்கள், 60 தள்ளியிருப்பதில் ஒரு பங்கு ஐஎஃப் மாறியதால்கூட இருக்கலாம். பிறகும் தள்ளியிருந்தால், 600இல் ஆசிலேட்டர் காயிலின் கோர், 1400இல் கேங்கின் டிரிம்மர் (சின்னத் திருகுக் கண்டென்சர்). ஒன்று மற்றதைக் கொஞ்சம் இழுக்கும், அதனால் இரண்டும் நிலைக்கும் வரை மாறி மாறிப் பாருங்கள். கேங்கில் சின்னத் தகடுகள் உள்ள பகுதிதான் ஆசிலேட்டர்.

ஒரு குறுக்கு வழி: டிஜிட்டல் டயல் உள்ள மீடியம் வேவ் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து 1055இல் (600 + 455) நிறுத்துங்கள். உங்கள் செட்டின் முள் 600க்கு வரும்போது அந்த ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கினால் ஆசிலேட்டர் சரியான இடத்தில் இருக்கிறது. டயல் 1200க்கு 1655. எனக்கு ஜெனரேட்டரை விட இதில்தான் நம்பிக்கை அதிகம், செட்டில் எந்த வயரையும் மாட்டாமலே பார்த்துவிடலாம்.

சுருதிப்பெட்டி:
120 போதவில்லை, 150இல் கோர் பாதி வழியில் பீக் காட்டுகிறது, திருகினால் தெளிவாக இறங்குகிறது. கரகரப்பு சுத்தமாக இல்லை. டயல் இப்போது 600க்கு 610 காட்டுகிறது, ஆசிலேட்டர் கோரை நாளை பார்க்கிறேன். இரண்டாவது டப்பாவும் அதே ரகம், இப்போதைக்கு நன்றாகவே இருக்கிறது. அதையும் திறக்கவா?

காந்தக்கண்:
6பிஏ6ஐ உருவிய போது அமைதியாகத்தானே இருந்தது? அப்படியானால் இப்போது வேண்டாம். அதன் பிரைமரியிலும் ஹெச்டி நிற்கிறது, கெட்டிருந்தால் அப்போதே கத்தியிருக்கும். ஆசிலேட்டரை முடித்துவிட்டு, கடைசியாக 1400இல் ஏரியல் டிரிம்மரைப் பாருங்கள், மெல்லிய ஸ்டேஷன் ஒன்றை வைத்து.