திரையரங்கில் முன்வரிசைக் கைப்பேசியும் பாதியில் நின்றுபோன வசனமும்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: மேற்கு மாம்பலம் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு, நகரின் வணிக வளாகம் ஒன்றில் இருக்கும் திரையரங்குக்கு என் தாயாரை அழைத்துச் சென்றிருந்தேன். முழங்கால் வலியால் வெளியே போவதையே குறைத்துக்கொண்டவர், பெரிய திரையில் ஒரு படம் பார்க்க வேண்டும் என்று அவராகவே கேட்டதால், அதிகம் படியேறத் தேவையில்லாத வரிசையாகப் பார்த்து முன்பதிவு செய்திருந்தேன்.

படம் தொடங்கிய பிறகு ஒரு குடும்பத்தினர் கைப்பேசி டார்ச்சை எல்லோர் முகத்திலும் அடித்தபடி வந்து, எங்களை எழுப்பி நகர்த்தி அமர்ந்தார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், கிண்டி நெரிசலில் சிக்கினால் யாருக்கும் நேரமாகிவிடும். பொறுக்க முடியாதது எங்களுக்கு முன்வரிசையில் இருந்த இளைஞரின் செயல். கதாநாயகன் அறிமுகமாகும் காட்சியில் தொடங்கி, முக்கியமான ஒவ்வொரு காட்சியையும் படம்பிடித்து, அங்கேயே அதை வெட்டி, மேலே எழுத்துச் சேர்த்து, ஸ்டேட்டஸாகப் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டுக்குப் பழகிய கண்களுக்கு முன்னால் அந்த வெள்ளைச் சதுரம் எரிந்துகொண்டே இருந்தது. "தம்பி, போனைக் கொஞ்சம் உள்ளே வைத்துவிடுங்கள்" என்று தணிந்த குரலில் கேட்டதற்கு, "நானும் காசு கொடுத்துத்தான் சார் வந்திருக்கிறேன்" என்று பதில் வந்தது. வாசலில் நின்ற ஊழியரிடம் சொன்னேன். அவர் வந்து எங்கள் வரிசை மீது ஒருமுறை டார்ச் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இடைவேளைக்குப் பிறகு வேறொரு சோதனை வந்தது. பின்னணி இசை கேட்கிறது, மழைச் சத்தம் கேட்கிறது, பாத்திரங்கள் வாயசைக்கிறார்கள். பேச்சு மட்டும் கேட்கவில்லை. "சவுண்டு, சவுண்டு" என்று அரங்கமே கத்தியது, விசில் பறந்தது, ஆனால் படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வெளியே போய்ச் சொன்ன பிறகுதான் வசனம் திரும்பியது. போன காட்சியை மீண்டும் போடவில்லை. அந்தப் பெண் எதற்காக வீட்டை விட்டு வெளியேறினாள் என்று என் தாயார் கேட்டபோது, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அரங்கமே கூச்சலிட்டும் ஏன் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை? சக பார்வையாளரிடம் சண்டை பிடிக்காமல் இதையெல்லாம் நிறுத்த வழி உண்டா? கட்டணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: வடபழனி ரசிகர்

தங்கள் தாயாரின் மாலைப்பொழுது இப்படி வீணானது வருத்தமளிக்கிறது. நான் முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவன், விசிலும் காகிதத் துண்டுகளும் பறக்காமல் பெரிய நடிகரின் படம் வெளியானால் எனக்கு அது திருவிழாவாகவே தோன்றாது. ஆனால் அந்தக் கொண்டாட்டமும் நீங்கள் சொல்லும் தொல்லையும் ஒன்றல்ல. விசிலடிப்பவர் திரையைப் பார்த்துத்தான் அடிக்கிறார், அவருடன் சேர்ந்து அரங்கமே ஒரு காட்சிக்கு ஒரே நேரத்தில் மகிழ்கிறது. ஸ்டேட்டஸ் போடுகிறவர் தானும் படத்தைப் பார்ப்பதில்லை, அடுத்தவரையும் பார்க்க விடுவதில்லை.

பெரியவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால் வெளியீட்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 2023 ஜனவரியில் கோயம்பேட்டில் ஒரு திரையரங்கின் முன்னால் கொண்டாட்டத்தின்போது லாரியின் மேலிருந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்த பிறகு, அதிகாலை 4 மணிக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. விடியுமுன் கொண்டாடி முடித்த கூட்டம் இப்போது 9 மணிக் காட்சிக்கு வருகிறது. காலைக் காட்சி என்றால் அமைதியாக இருக்கும் என்று நம்பி வெளியீட்டு நாளில் குடும்பத்தோடு வருபவர்கள் அதில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாவது வாரத்தின் செவ்வாய், புதன் மதியக் காட்சி போல நிம்மதி வேறெதிலும் இல்லை.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். உச்சக்காட்சி நடக்கும்போதே கீழ்த்தளத்திலிருந்து வண்டியை முதலில் எடுக்க வேண்டும் என்று எழுந்து, திரையை மறைத்துக்கொண்டு வரிசையாக நடப்பவர்கள் எனக்குக் கைப்பேசிக்காரர்களைவிடப் பெரிய தொல்லை. கைக்குழந்தைகளைத் திரையரங்குக்கு அழைத்து வருவதையும் பெற்றோர் தவிர்ப்பது நல்லது.

பதில் 2: முன்னாள் ஆபரேட்டர், புரசைவாக்கம்

ஐயா, தங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். பிலிம் காலத்திலிருந்து டிஜிட்டல் வந்த பிறகும் சில ஆண்டுகள் வரை புரொஜெக்டர் அறையில் வேலை பார்த்தவன் நான்.

பிலிம் ஓடிய நாளில் ஆபரேட்டர் அறையை விட்டு நகர முடியாது. ஒரு ரீல் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். அது முடிவதற்குள் அடுத்த ரீலை இரண்டாவது இயந்திரத்தில் ஏற்றி, திரையின் மூலையில் வரும் புள்ளியைப் பார்த்து மாற்ற வேண்டும். ஒளி கொடுக்கும் கார்பன் குச்சி தேயத் தேய அதையும் தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே சிறு ஓட்டை வழியாக எப்போதும் ஒரு கண் திரையின் மேல் இருந்தது. கீழே யாராவது "ஆபரேட்டர்!" என்று குரல் கொடுத்தால், அடுத்த நொடி எங்கள் கை இயந்திரத்தின் மேல் இருக்கும்.

இப்போது படம் ஒரு சர்வரில் ஏற்றப்பட்டுவிடுகிறது. எந்தத் திரையில் எந்த நாள் வரை ஓட்டலாம் என்பதற்கான பூட்டுத் திறப்புச் சாவியும் மென்பொருளாகவே வந்துவிடுகிறது. விளம்பரம், விளக்கு அணைவது, படம் தொடங்குவது, இடைவேளை எல்லாவற்றையும் காலையிலேயே அட்டவணையாகப் போட்டுவிட்டால் தானாக நடக்கும். பல திரைகளுக்கு ஒரு டெக்னீஷியன் என்று வைத்திருக்கும் இடங்களில், நீங்கள் கத்தும் நேரத்தில் அவர் வேறொரு மாடியில் இருக்கலாம். அறையே காலியாக இருக்கும்போது கூச்சல் யார் காதில் விழும்?

வசனம் மட்டும் மறைந்ததற்கும் காரணம் உண்டு. திரைக்குப் பின்னால் இடம், வலம், நடு என்று தனித்தனி ஒலிபெருக்கிகள் இருக்கின்றன, அவற்றின் ஒலி வெளியே வருவதற்காகவே திரையில் நுண்ணிய துளைகள் உள்ளன. பாத்திரங்களின் பேச்சு பெரும்பாலும் நடுப் பெட்டியின் வழியாகத்தான் வரும். அந்த ஒரு ஆம்ப்ளிஃபையர் நின்றுபோனால் இசையும் மழையும் மற்ற பெட்டிகளில் ஒலித்துக்கொண்டே இருக்கும், வசனம் மட்டும் போய்விடும். சர்வரைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக ஓடுகிறது, எனவே அதுவும் படத்தை நிறுத்தாது.

இதனால் நான் சொல்வது, கூச்சலிட்டுக் காத்திருக்காதீர்கள். வசனம் போன முதல் நிமிடத்திலேயே ஓரத்து இருக்கையில் இருக்கும் ஒருவர் எழுந்து வெளியே போய், "இத்தனையாவது திரையில் நடு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை, மேனேஜரையும் டெக்னீஷியனையும் கூப்பிடுங்கள்" என்று சொல்ல வேண்டும். "சவுண்டு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ஒலியைக் கூட்டிவிட்டுப் போய்விடும் வாய்ப்பு உண்டு. சரிசெய்த பிறகு பின்னால் நகர்த்தி ஓட்டுவதற்கு சர்வரில் வசதி இருக்கிறது. அடுத்த காட்சி தாமதமாகும் என்று தயங்குவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து அமைதியாகக் கேட்டால் மறுப்பது கடினம்.

ஊழியர்கள் மீது கோபம் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வாசலில் நிற்கும் பையனுக்குப் பார்வையாளரை வெளியேற்றும் அதிகாரம் கிடையாது. டிக்கெட் கிழிப்பது, பாப்கார்ன் கொண்டுவருவது, காட்சி முடிந்ததும் பெருக்குவது என்று எல்லாமே அவர் தலையில்தான் விழுகிறது. முறையீடு மேனேஜரிடம் போக வேண்டும்.

பதில் 3: வேளச்சேரி வாசகி

வடபழனி அன்பருக்கு ஒரு வேண்டுகோள். கைக்குழந்தையை அழைத்து வர வேண்டாம் என்பது எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. கூட்டுக்குடும்பம் இல்லாத வீட்டில், குழந்தையை விட்டுவிட்டு வர ஆளில்லாத தாய் இரண்டு ஆண்டுகளுக்குத் திரையரங்கையே மறந்துவிட வேண்டும் என்று ஆகிறது. நான் எப்போதும் வாசலை ஒட்டிய ஓரத்து இருக்கையையே எடுக்கிறேன், குழந்தை சிணுங்கத் தொடங்கியதுமே எழுந்துவிடுகிறேன். அப்படி எழுவதற்குள் நான்கு பக்கத்திலிருந்தும் "உச்" கொட்டுகிறார்கள். அழுகையை விட அந்த "உச்" சத்தமே அதிக நேரம் நீடிக்கிறது.

2022இல் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் திரையரங்க வளாகத்தில், குழந்தையோடு கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து படம் பார்க்கும் தனியறை ஒன்றை அமைத்தார்கள். சென்னையில் புதிதாகக் கட்டப்படும் வளாகங்களிலும் இதைக் கேட்க வேண்டும். வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம் என்பதையும் குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதையும் குறிப்பிட்டது. பால் புட்டியைப் பையிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லும் வாயிற்காவலர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

அதேசமயம், ஏ சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பள்ளிச் சிறுவர்களை அழைத்து வருவோரை நான் ஆதரிக்கவில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே அனுமதியே இல்லை. இப்போது யுஏ சான்றிதழும் 7+, 13+, 16+ என்று பிரிக்கப்பட்டிருப்பதால், முன்பதிவுக்கு முன்பே பெற்றோர் பார்த்து முடிவெடுக்கலாம்.

பதில் 4: வழக்கறிஞர், எழும்பூர்

கைப்பேசி இளைஞரைப் பற்றி. "தொந்தரவு செய்கிறார்" என்று முறையிட்டால் ஊழியர் டார்ச் அடிப்பதோடு நிறுத்திக்கொள்வார். "படத்தைப் பதிவு செய்கிறார்" என்று மேனேஜரிடம் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி திரையரங்குக்குள் அனுமதியின்றி நகலெடுக்கும் நோக்கத்தோடு படத்தையோ அதன் ஒரு பகுதியையோ பதிவு செய்வது குற்றம். குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனையும், 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அபராதம் படத்தின் கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை போகலாம். ஸ்டேட்டஸ் போட்ட பையனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணமல்ல. ஆனால் தன் அரங்கில் பதிவு நடக்கிறது என்ற சொல்லைக் கேட்ட பிறகு எந்த மேனேஜரும் அலட்சியமாக இருக்க மாட்டார்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, வசனம் கேட்காத படம் குறைபாடுள்ள சேவை என்று வாதிட முழு இடமுண்டு. அன்றே மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்திருந்தால் வலுவாக இருந்திருக்கும். இப்போதும் டிக்கெட், காட்சி நேரம், திரை எண், எவ்வளவு நேரம் வசனம் இல்லை என்ற விவரங்களுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அதற்கு மேலும் போக விரும்பினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்தால் போதும்.

கேட்டவர்: மேற்கு மாம்பலம் வாசகர்

அனைவருக்கும் நன்றி. நடு ஒலிபெருக்கி பற்றி ஆபரேட்டர் ஐயா எழுதியதை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு ஐயம்: செயலி வழியாக முன்பதிவு செய்தேன். மின்னஞ்சலை யாருக்கு அனுப்புவது?

பதில்: வழக்கறிஞர், எழும்பூர்

திரையரங்கின் நிர்வாகத்துக்கு அனுப்பி, செயலியின் புகார்ப் பகுதியிலும் அதே மின்னஞ்சலைப் பதிவேற்றுங்கள். படம் காட்டியவர் திரையரங்கு நடத்துபவர் என்பதால் முதல் பொறுப்பு அவருடையது. முன்பதிவுக்கென்று செயலி தனியாக வாங்கிய சேவைக் கட்டணத்தைக் குறிப்பிட மறந்துவிடாதீர்கள், அதையும் சேர்த்தே கேளுங்கள்.