நம் வீடு குழு: கொலம்பஸும் ஆன் ஆர்பரும்

நவம்பர் 30, 2024, சனி

கார்த்தி: கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் மிச்சிகன் 13, உங்கள் ஒஹாயோ ஸ்டேட் 10!!! அவர்களுடைய கொலம்பஸ் மண்ணிலேயே!!! தொடர்ந்து நாலாவது வருஷம்!!!

அத்தை: டேய், கொஞ்சம் பொறு. மாமாவும் நிலாவும் இன்னும் ஸ்டேடியத்தில்தான் இருப்பார்கள்.

நிலா: இங்கேதான் இருக்கிறோம் அத்தை. யாருக்கும் எழுந்து போக மனசு வரவில்லை. மிச்சிகன் பையன்கள் மைதானத்தின் நடுவில் கொடியை நட வந்தார்கள். எங்கள் வீரர் ஜாக் சாயர் அதைப் பிடுங்கிவிட்டார். பெரிய கைகலப்பு. போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்துத்தான் விலக்கினார்கள்.

அத்தை: ஐயோ! உங்கள் மேல் படவில்லையே அண்ணா?

அப்பா: இல்லைம்மா, நாங்கள் மேல் வரிசையில் இருக்கிறோம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கோச் ரயன் டேவை நீக்கு என்று கத்துகிறார்கள்.

தாத்தா: இப்போதுதான் எழுந்தேன். என்ன சண்டை? பிள்ளைகள் பத்திரமா?

நிலா: பத்திரம் தாத்தா. தோற்றதைத்தான் தாங்க முடியவில்லை. மிச்சிகன் இந்த வருஷம் ஏற்கெனவே ஐந்து ஆட்டம் தோற்ற அணி. நாங்கள் தோற்றது ஒன்றே ஒன்று, ஒரேகானிடம், அதுவும் ஒரே ஒரு புள்ளியில். இன்றைக்கு மிச்சிகன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) முழு ஆட்டத்திலும் எறிந்து சேர்த்தது வெறும் 62 யார்டு. அவரிடம் தோற்றிருக்கிறோம்.

கார்த்தி: எங்கள் பக்கம் நட்சத்திர வீரர்கள் வில் ஜான்சனும் கோல்ஸ்டன் லவ்லாண்டும் ஆடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

அப்பா: கார்த்தி, உங்கள் பையன்கள் நன்றாக ஆடினார்கள், மறுக்கவில்லை. எனக்குக் கோபம் எங்கள் கோச்சுகள் மேல்தான். மிச்சிகனின் பலமே தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கும் மேசன் கிரஹாமும் கென்னத் கிரான்டும். எங்கள் பக்கம் பந்து வைத்திருப்பவருக்கு வழிவிடும் முன்வரிசையில், இடது டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரிலேயே காயம்பட்டுப் போய்விட்டார். சென்டர் சேத் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநார் அறுந்துவிட்டது. ஓட்டை விழுந்த வரிசையை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேர் மேலேயே திரும்பத் திரும்பப் போய் முட்டினால்? பந்தை எடுத்து ஓடிக் கிடைத்தது 77 யார்டு. எறிந்தால் பிடிக்க ஓரத்தில் ஜெரமையா ஸ்மித் சும்மா நிற்கிறார்!

நிலா: பந்தை உதைக்கும் ஜேடன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் புள்ளிகள்) தவறவிட்டதும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

தாத்தா: அப்படியானால் இந்த வருஷம் அவ்வளவுதானா?

நிலா: போன வருஷம் வரை சாம்பியனைத் தீர்மானிக்கும் ப்ளேஆஃப் சுற்றில் நாலு அணிக்குத்தான் இடம். இரண்டு தோல்வியோடு உள்ளே போவது ரொம்பக் கஷ்டம். இந்த வருஷம்தான் முதல் முறையாக 12 அணி. இடம் கிடைத்துவிடும் தாத்தா. ஆனால் இப்போது அதைப் பற்றி நினைக்கவே பிடிக்கவில்லை.

டிசம்பர் 21, சனி

அப்பா: ப்ளேஆஃப் முதல் ஆட்டம், டென்னசிக்கு எதிராக 42-17. முதல் கால் பகுதியிலேயே 21-0. உறைபனிக் குளிர். டென்னசிக்காரர்கள் ஆரஞ்சுச் சட்டையோடு கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள், நம் ஸ்டேடியமா என்றே சந்தேகம் வந்தது.

நிலா: முதல் பந்திலிருந்தே எறிய ஆரம்பித்துவிட்டார்கள்! மூன்று வாரத்துக்கு முன்னால் இதைத்தானே அப்பா கேட்டார்கள்.

கார்த்தி: நல்ல ஆட்டம். அடுத்தது ஒரேகான். தோல்வியே இல்லாமல் வருகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள் மாமா.

ஜனவரி 1, 2025, புதன்

நிலா: 34-0!!!! இன்னும் பாதி ஆட்டம்கூட முடியவில்லை!!!!

அத்தை: எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து. நிலா, தண்ணீர் குடி.

நிலா: ஸ்மித்துக்கு ஏழு கேட்ச், 187 யார்டு, இரண்டு டச் டவுன் (பந்தோடு கோல் கோட்டைத் தாண்டுவது). முதலாண்டு மாணவர் அத்தை! 41-21. அக்டோபரில் ஒரு புள்ளியில் எங்களை வென்ற அதே ஒரேகான்.

கார்த்தி: ஒப்புக்கொள்கிறேன். நாட்டிலேயே இப்போது உங்கள் அணிதான் பலம்.

ஜனவரி 10, வெள்ளி

அப்பா: தாத்தா விழித்திருக்கிறாரா? இதைச் சொல்லாமல் தூங்க முடியாது.

தாத்தா: இங்கே விடிந்துவிட்டது. சொல்லப்பா.

அப்பா: அரையிறுதியில் 21-14 என்று முன்னால் இருக்கிறோம். டெக்சஸ் அணி கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு தள்ளி நிற்கிறது. நாலு வாய்ப்பு இருக்கிறது. உள்ளே போனால் சமன். ஒரு பந்தை ஓரமாக எறிந்து ஓடப் பார்த்தார்கள், அதிலேயே ஏழு யார்டு பின்னால் தள்ளிவிட்டோம். நாலாவது வாய்ப்பில் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் எறியக் கையை ஓங்குகிறார். ஜாக் சாயர் பாய்ந்து பந்தைத் தட்டி, அவரே எடுத்து, 83 யார்டு ஓடி டச் டவுன்!

நிலா: சாயரும் யூவர்ஸும் 2021-இல் இங்கே ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் தாத்தா. பிறகுதான் யூவர்ஸ் டெக்சஸுக்கு மாறினார்.

தாத்தா: அன்றைக்குக் கொடியைப் பிடுங்கிய பையன்தானே இவன்?

நிலா: அவரேதான்! கொலம்பஸ் பக்கத்துப் பிக்கரிங்டன் பையன். நம் ஊர்ப் பிள்ளை என்று இங்கே எல்லோரும் அழுகிறார்கள். நானும்தான்.

கார்த்தி: அந்த ஓட்டத்தை நானும் நின்றுகொண்டே பார்த்தேன். ஸ்மித்தை டெக்சஸ் ஒரே ஒரு கேட்சோடு கட்டிப்போட்டது, அப்படியும் வென்றுவிட்டீர்கள். அதுதான் பெரிய விஷயம்.

ஜனவரி 20, திங்கள்

அத்தை: நிலா, அட்லாண்டாவில் இறுதி ஆட்டம் என்ன நிலவரம்? 31-7 என்று பார்த்துவிட்டுச் சப்பாத்தி போடப் போனேன், வந்தால் 31-23 என்கிறது!

நிலா: பேச முடியவில்லை அத்தை

அப்பா: மூன்றாவது வாய்ப்பு, 11 யார்டு வேண்டும். இதை விட்டால் பந்து எதிரணி நோட்ர டாம் கைக்குப் போய்விடும்.

அப்பா: எறிந்தார்!!! எங்கள் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் எறிந்தார், ஸ்மித் பிடித்தார், 56 யார்டு!!!

நிலா: ஓடிக் கடிகாரத்தைக் கரைக்கலாம் என்று பயந்து ஒதுங்கவில்லை. நவம்பர் 30 அன்று செய்யாததை இன்றைக்குச் செய்தார்கள்.

நிலா: கடைசி ஃபீல்ட் கோலை அடித்தது ஃபீல்டிங். மிச்சிகனுக்கு எதிராக இரண்டைத் தவறவிட்டவர். 34-23. 2014 சீசனுக்குப் பிறகு இப்போதுதான் சாம்பியன்.

தாத்தா: வாழ்த்துகள் நிலாம்மா. நீக்கு என்றார்களே, அந்தக் கோச்?

அப்பா: அவர்தான் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், அப்பா.

ஜனவரி 21, செவ்வாய்

கார்த்தி: மனசார வாழ்த்துகள் மாமா, நிலா. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேற்றைய வெற்றி நவம்பர் 30-ஐ அழித்துவிட்டதா?

அப்பா: என்னைக் கேட்டால் ஆமாம். தேசிய சாம்பியன், அதற்கு மேல் என்ன இருக்கிறது?

நிலா: எனக்கு அப்படித் தோன்றவில்லை அப்பா. மிச்சிகனை வென்றால் வீரர்களுக்குச் சின்னத் தங்கக் கால்சட்டை வடிவ டாலர் (பதக்கம்) ஒன்று கொடுப்பார்கள், தெரியும்தானே? சாயர், எக்பூகா, ஹென்டர்சன், டூயிமொலோவா எல்லோரும் 2021-இல் சேர்ந்தவர்கள். நாலு வருஷமும் தோற்றார்கள். போன வருஷமே தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போயிருக்கலாம். மிச்சிகனை வெல்லவும் சாம்பியன் பட்டம் வாங்கவும்தான் தங்கினார்கள். பட்டம் கிடைத்தது. அந்த டாலர் ஒன்றுகூட இல்லாமல்தான் போகிறார்கள். அது அவர்களுக்கு வலிக்காது என்று நாம் சொல்ல முடியாது.

கார்த்தி: நான் இதை எதிர்பார்க்கவில்லை.

நிலா: அந்தத் தோல்வி இல்லாமல் இந்த நாலு ஆட்டத்தையும் இப்படி ஆடியிருப்பார்களா என்றும் எனக்குச் சந்தேகம். அதனால் அழிக்க வேண்டாம். இரண்டும் இந்த சீசனுடையதுதான்.

அப்பா: சரிம்மா. நீ சொல்வது நியாயம்தான்.

கார்த்தி: அடுத்தது நவம்பர் 29, ஆன் ஆர்பர். மாமா, டிக்கெட் நான் பார்க்கிறேன்.

அத்தை: வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள் அண்ணா. வியாழக்கிழமை நன்றி நாளுக்கே வந்தால் இன்னும் நல்லது.

தாத்தா: ஆட்டம் எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே சொல்லுங்கள். இந்த முறை நானும் விழித்திருந்து பார்க்கிறேன்.