அப்பாவுக்கு இருப்பது மனச்சோர்வா, வேறா? (மதுரை)

அப்பாவுக்கு 72 வயது. ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். பல வருடங்களாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. சென்ற ஆடி மாத வாக்கிலிருந்து எதையும் தானாகச் செய்வதில்லை. காப்பியை முன்னால் வைத்தால் ஆடை படியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்; "குடியுங்கள் அப்பா" என்றால் உடனே குடித்துவிடுவார். அழுகையோ புலம்பலோ இல்லை; தூக்கம், பசி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. பேரன் வந்தால் சிரிக்கிறார், போனால் தேடுவதில்லை. காலைத் தேய்த்து நடக்கிறார். சோம்பேறித்தனம் என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

எம்ஆர்ஐ அறிக்கை: சிறு இரத்தக்குழாய் பாதிப்பால் மூளையின் வெண்பொருளில் (மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் உள்ள பகுதி) பரவலான மாற்றம், ஃபசேகாஸ் தரம் 3 (அந்த அளவுகோலில் அதுதான் உச்சம்). தைராய்டு, பி12 இரண்டும் சரி.

மனச்சோர்வு என்று எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. கொடுத்தார்கள். மாதங்கள் ஓடியும் பலனில்லை. இன்னும் மந்தமானதுபோல் இருக்கிறது. இவ்வகை மாத்திரைகள் சிலருக்கு ஆர்வத்தையே மழுங்கடிக்கலாம் என்று படித்தேன். நாங்களாக நிறுத்தவில்லை. நரம்பியல் மருத்துவர் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார், அவர் திரும்ப இவரிடமே அனுப்புகிறார். சுவரில் அன்றாட அட்டவணை ஒட்டினோம். பக்கத்தில் ஆள் நின்று சொன்னால்தான் நடக்கிறது.

வெண்பொருள் பாதிப்பால் வந்த அக்கறையின்மை (சோகம் இல்லாமலே, தானாக எதையும் செய்யும் உந்துதல் குறைவது) என்று தனியாகக் கண்டறிந்து சிகிச்சையை மாற்றியதில், உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது முன்னேற்றம் தெரிந்ததா, எதை மாற்றினார்கள்?