காலியம் விட்டும் அலுமினியம் உடையேல்லை, எங்க பிழை?

பனங்கிழங்கு:
அண்ணையவைக்கு வணக்கம். உயர்தரம் படிக்கிறன். உருகின உலோகம் பட்டா அலுமினியம் நொருங்கும் எண்டதைப் பள்ளிக்கூடக் கண்காட்சியில காட்டோணும். மாமா 10 கிராம் காலியம் அனுப்பினவர், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிற உலோகம். திருநெல்வேலியில யன்னல் செய்யிற பட்டறையில சட்டத்துண்டு ஒண்டு கேட்டு வாங்கி, நேற்றுப் பின்னேரம் ஒரு சொட்டு விட்டன். இண்டைக்குக் காலமை பாத்தா சட்டம் கல்லுமாதிரி. சொட்டு மேலேயே குந்தியிருக்கு, அதுவும் உறைஞ்சு போய். சுடுதண்ணிக்குள்ள 70 பாகையில உருகிற வுட் உலோகம் (Wood's metal) எண்ட கலப்புலோகத்தையும் விட்டுப் பாத்தன். ஒட்டாமல் உருண்டு விழுந்திட்டுது. என்ன செய்ய?

சுன்னாகத்து வெல்டர்:
யன்னல் சட்டம் எண்டவுடனயே விளங்கிட்டுது தம்பி. அது அனோடைஸ் பண்ணினதா இருக்கும், அதாவது மின்சாரம் விட்டு மேல ஒட்சைட்டுப் படையைத் தடிப்பாக்கினது. வெறும் அலுமினியத்தில காத்துப் பட்டுத் தானா வாற ஒட்சைட்டுப் படை சில நானோமீற்றர்தான். அனோடைஸ் பண்ணினா 10, 20 மைக்ரோமீற்றர் வரும். காலியம் எங்கால உள்ள போறது? அதை விட்டிட்டு ஒரு சோடாப் பேணியை எடும். சுரண்டிப்போட்டுச் சொட்டு விட்டாலும் சரிவராது, சுரண்டின கையோட படை திரும்ப வந்திடும். முதல் சொட்டை விடும். பேந்து அந்தச் சொட்டுக்கு அடியிலேயே ஆணி நுனியால கீறும்.

இரசாயன ரீச்சர்:
வெல்டர் சொன்னது சரி. வுட் உலோகம் ஏன் சரிவரேல்லை எண்டதும் முக்கியம். உருகுநிலை குறைஞ்சாப் போதும் எண்டு நினைச்சிட்டீர் போல. அலுமினியம் சின்னச்சின்ன மணிகளா இறுகி இருக்கு. காலியம் அந்த மணிகளுக்கு இடைப்பட்ட எல்லையால ஊர்ந்து உள்ள பூருது. மணியை மணி பிடிச்சிருக்கிற பிடி போக, நொருங்குது. வுட் உலோகத்தில பாதி பிசுமத், கால்வாசிக்குக் கிட்ட ஈயம். இதுகளை அலுமினியத்தோட சேத்து உருக்கினாலும் எண்ணையும் தண்ணியும் மாதிரித்தான் நிக்கும். கட்மியமும் இருக்கு, வீட்டு அடுப்பில இனி உருக்காதேயும்.
இன்னொண்டு, காலியம் உருகிறது 29.8 பாகையில. எங்கட மத்தியானத்தில தானா உருகும், விடியக்காலமை உறைஞ்சிடும். பக்கத்தில ஒரு மின்குமிழைப் போட்டு இளஞ்சூட்டில வையும்.

கணினி திருத்துறவன்:
உறையிற கரைச்சல் வேண்டாம் எண்டா இந்தியம் (indium) எண்ட உலோகத்தோட கலவை இருக்கு. காலியம் 75.5க்கு இந்தியம் 24.5, கிட்டத்தட்ட 15.7 பாகையில உருகும். கணினிச் சிப்புக்குப் பூசுற திரவ உலோகம் இதுக்குச் சொந்தக்காரன்தான். அதைப் பூசி அழுதவன் நான். சிப்பின்ர சூட்டை இறக்கிற கூலரின்ர அடி செம்பு எண்டு நினைச்சன், அலுமினியம். ரெண்டு கிழமையால கழட்டப் போக, திருகாணிக் காது கையோட வந்திட்டுது.

பனங்கிழங்கு:
சரிவந்திட்டுது! பேணியின்ர பெயின்ரைத் தேய்ச்சு எடுத்து, சொட்டு விட்டு, அடியில நாலு கீறல். முதல் ஒண்டுமே இல்லை. பேந்து உருண்டையா நிண்ட சொட்டு தட்டையாகி ஒட்டிச்சுது. பின்னேரம் சுண்டுவிரலால அமத்த, ஈரப் பேப்பர் மாதிரிப் பொத்துப் போச்சு. உள்ளுக்குப் பூசியிருக்கிற மெல்லிய பிளாஸ்ரிக் படை மட்டும் தொங்கிக்கொண்டு நிண்டது. காலியம் படாத மற்றப் பக்கம் வழமைபோல வளைஞ்சு குடுக்குது. உடைஞ்ச துண்டைத் தண்ணிக்குள்ள போட்டா குமிழி குமிழியா வருது ரீச்சர், ஏன்?

இரசாயன ரீச்சர்:
ஐதரசன். காலியம் இருக்கிற இடத்தில ஒட்சைட்டுப் படை ஒழுங்காக் கட்டாது, அதால அலுமினியம் தண்ணியோட நேரடியாத் தாக்கமடையுது. மூடின போத்தலுக்குள்ள போடாதேயும், நெருப்புக்குக் கிட்டவும் வேண்டாம். கையில கறுப்புப் பிடிச்சிருக்குமே? சவுக்காரம் போட்டுக் கழுவும்.

பனங்கிழங்கு:
ஓம் ரீச்சர், பத்து விரலும் கறுப்பு. கண்காட்சியில ரெண்டு பேணி வைக்கப் போறன், ஒண்டில கீறல் இல்லாமல். அம்மா புட்டுப்பானையை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டா.