ஸ்கோப் இல்லாமல் ஓபன் சைட்டில் சுட்டால் குரூப் (அடிகள் விழும் கொத்து) சிதறுகிறது

மொட்டைமாடி_10மீ:
ஒன்றரை வருடமாக .177 ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருக்கிறேன். வாங்கும்போதே 4x ஸ்கோப் (நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குறிக்குழல்) மாட்டிக் கொடுத்தார்கள். போன மாதம் உள்ளே குறுக்குக்கோடு ஆட்டம் கண்டு அது படுத்துவிட்டது. சரி, இன்னொன்று வாங்குமுன் துப்பாக்கியோடு வந்த ஓபன் சைட்டிலேயே (பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு குச்சி, இரண்டையும் சேர்த்துக் குறிபார்ப்பது) பழகிப் பார்ப்போம் என்று இறங்கினேன். 10 மீட்டரில் ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் விழுந்த பெல்லட்டெல்லாம் இப்போது காபி டபரா அகலத்துக்குச் சிதறுகிறது. கரும்புள்ளியைத் தெளிவாகப் பார்த்துத்தான் ட்ரிக்கரை அழுத்துகிறேன். கோளாறு சைட்டிலா, என்னிடமா? வயது 44.

ரேஞ்ச்_பைத்தியம்:
கரும்புள்ளி தெளிவாகத் தெரிகிறது என்றால் முன் சைட் மங்கலாகத் தெரிகிறது என்று அர்த்தம், சிக்கல் அதுதான். பின் சைட், முன் சைட், டார்கெட் மூன்றையும் கண் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்காது. முன் சைட்டின் மேல்விளிம்பை மட்டும் பாருங்கள், கரும்புள்ளி சாம்பல் உருண்டை மாதிரி மங்கினால் மங்கட்டும். கணக்குப் போட்டால் புரியும்: இரண்டு சைட்டுக்கும் நடுவே 50 செ.மீ. என்று வைத்தால், முன் சைட் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினாலே 10 மீட்டரில் 2 செ.மீ. தள்ளிப் போகும். ஆனால் சைட் இரண்டும் நேராக இருந்து, துப்பாக்கி மொத்தமாக டார்கெட்டில் அரை செ.மீ. அலைந்தால் அடியும் அந்த அரை செ.மீ.தான் விலகும்.

கரும்புள்ளியின் நடுவில் குறிவைக்காதீர்கள், கருப்புக்குள் கருப்பு தெரியாது. கரும்புள்ளிக்குக் கீழே, முன் சைட்டுக்கு மேலே மெல்லிய வெள்ளைக்கோடு தெரிகிற மாதிரி பிடித்து, பின் சைட்டைத் திருகி அடியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அடி மேலே போகவேண்டுமென்றால் பின் சைட்டை மேலே ஏற்றவேண்டும், வலதுக்கு வேண்டுமென்றால் வலதுக்கு.

பழைய_என்சிசி:
மொட்டைமாடியா? டார்கெட்டுக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள் சார்? முதலில் அதைச் சொல்லுங்கள். தவறினால் பெல்லட் அடுத்த தெருவுக்குப் போகும்.

எங்களுக்கு என்சிசி கேம்பில் .22 ரைபிள் கொடுத்தபோது ஸ்கோப் என்ற பேச்சே கிடையாது. படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்டு, எங்கே விழுந்தாலும் ஒரே இடத்தில் விழவேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது ரவுண்டுக்கே சைட்டைத் திருகப் போனவனுக்கு ஹவல்தாரிடம் நல்ல அர்ச்சனை கிடைத்தது. இன்னொன்று, வெயில் பக்கவாட்டில் விழுந்தால் முன் சைட்டின் ஒரு ஓரம் பளபளக்கும், கண் அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். இரும்பு சைட் என்றால் கற்பூரத்தைக் கொளுத்திப் புகை காட்டிக் கருப்பாக்குங்கள். பச்சை, சிவப்பு இழை வைத்த பிளாஸ்டிக் சைட் என்றால் வேண்டாம், உருகிவிடும்.

கண்ணாடிக்காரன்:
நாற்பது தாண்டினால் முன் சைட் மங்குவது வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடி சரிவராது, அதன் தூரம் வேறு. கண் டாக்டரிடம் 'ஒரு மீட்டர் தூரத்துக்கு' என்று கேட்டு வாங்குங்கள், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். இல்லையென்றால் பீப் சைட் பொருத்துங்கள், சின்னத் துளை வழியாகப் பார்த்தால் முன் சைட்டும் டார்கெட்டும் ஓரளவு சேர்ந்தே தெளியும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் பீப் சைட்டில்தான், அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை.

ஸ்கோப் போனதற்கு வருத்தப்படாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னால் உதைத்த கையோடு முன்னாலும் இழுக்கும், அந்த இரட்டை உதையைச் சாதாரண ஸ்கோப் தாங்காது.

மொட்டைமாடி_10மீ:
பின்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதற்கும் பின்னால் ஆளுயரச் சுவர் இருக்கிறது சார், கவலை வேண்டாம். முன் சைட்டை மட்டும் பார்த்து இன்று காலை நாற்பது பெல்லட் சுட்டேன். ஐந்தில் நான்கு டம்ளர் வாய்க்குள் வந்துவிட்டன. ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் வலது கீழே ஓடுகிறது.

ரேஞ்ச்_பைத்தியம்:
வலதுகைக்காரரா? அப்படியானால் அந்த ஐந்தாவதை அவசரப்பட்டு வெடுக்கென்று இழுக்கிறீர்கள். துப்பாக்கியை முன்னால் தாங்கும் கையால் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா உட்காரவிட்டுச் சுட்டுப் பாருங்கள். டார்கெட் போட்டோ போடுங்கள்.